இரண்டாம் ஏடு: வீட்டுக் கணினியில் இன்னோர் இயங்குதளம்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டத்தின் விழாவில் கணினியைப் பற்றிய உரைக்கு என்ன வேலை என்னும் வினா அவையில் எழுவது இயல்பே. கவிதை பிறக்கும் இடம் இன்றும் தாளாக இருக்கலாம். ஆனால் அது தங்கும் இடம் பெரும்பாலும் கணினியாகிவிட்டது. தொகுப்புக்கென எழுதிய கவிதை, கருத்தரங்குக்கென எழுதிய கட்டுரை, அச்சகத்திற்கு அனுப்பிய மூலப்படி, அணிந்துரை, மடல் ஆகிய எல்லாம் வீட்டின் ஒரு மூலையில் உள்ள ஒரே கணினிக்குள் கிடக்கின்றன. அந்தக் கணினி நின்றுபோனால் எழுத்து என்னவாகும் என்பது தொழில்நுட்பத்தார் மட்டும் கேட்க வேண்டிய வினா அன்று. எழுதுவோர் முதலில் கேட்க வேண்டிய வினா அது.

காலக்கெடு ஒன்றும் வந்து சேர்ந்தது. 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. தனியே பதிவு செய்துகொள்ளும் இல்லத்துப் பயனருக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டுப் பாதுகாப்புத் திருத்தங்கள் நீட்டிக்கப்பட்டன. அடுத்ததாகிய விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும், ஏறத்தாழ 2018-க்குப் பிற்பட்ட செயலியையும் எதிர்பார்க்கிறது. பத்தாண்டுக்கு முன் வாங்கிய கணினி பழுதின்றி ஓடினாலும் அதற்கு இந்தத் தகுதி இல்லை. ஓய்வூதியத்தில் வாழும் புலவர் ஒருவர், எழுதுவதற்கும் படிப்பதற்கும் மட்டுமே பயன்படும் கணினியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்க வேண்டுமா? வேண்டியதில்லை என்பதற்கு ஒரு வழி உண்டு. இருக்கும் இயங்குதளத்தை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அதே கணினியில் இரண்டாவது இயங்குதளம் ஒன்றைச் சோதித்துப் பார்ப்பதே அவ்வழி.

இயங்குதளம் என்பது யாது?

கணினியை இயக்கியவுடன் மற்ற எல்லா மென்பொருள்களுக்கும் முன்னே விழித்தெழுந்து, திரை, விசைப்பலகை, வன்தட்டு, அச்சுப்பொறி ஆகிய உறுப்புகளை வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். கடையில் வாங்கும்போதே உடன்வருவதால், கணினியும் அதுவும் ஒன்றே என்று பலரும் கருதிவிடுகின்றனர். உண்மையில் அவை வீடும் வீட்டின் நிர்வாகமும் போன்றவை. வீடு அப்படியே இருக்க நிர்வாகம் மாறலாம். ஒரே வீட்டில் இரண்டு அடுக்களைகளும் இருக்கலாம்.

இரண்டாவது அடுக்களையாகப் பெரும்பாலோர் தேர்வது லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இயங்குதளம். 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அமெரிக்காவில் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளைப் பயன்படுத்தவும், அதன் உள்ளமைப்பைக் கற்கவும், திருத்தவும், பிறருக்குப் பகிரவும் அனைவர்க்கும் உரிமை வேண்டும் என்பது அதன் கொள்கை. 1991-இல் பின்லாந்தின் ஹெல்சின்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், இயங்குதளத்தின் கருவாகிய லினக்ஸை வெளியிட்டார். இரண்டும் சேர்ந்த அடித்தளத்தின்மேல் 1993-இல் டெபியன், 2004-இல் உபுண்டு, 2006-இல் லினக்ஸ் மின்ட் எனப் பல பதிப்புகள் எழுந்தன. ஒரே மூலநூலுக்குப் பல பதிப்பாசிரியர்கள் பதிப்பு வெளியிடுவதை இதற்கு ஒப்பிடலாம். மூலம் ஒன்று, அமைப்பும் அலங்காரமும் பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும். இவற்றைப் பெற விலை கொடுக்க வேண்டியதில்லை.

தமிழகத்தில் நடந்த முயற்சி

ஒரு கணினியில் இரண்டு இயங்குதளம் என்பது தமிழகத்திற்குப் புதிதன்று. 2006 முதல் 2008 வரையிலான காலத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம், அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த உமாசங்கர் அவர்களின் முயற்சியால், தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் தன் சென்னை மையத்தில் டெபியனை அடித்தளமாகக் கொண்டு பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பணியாற்ற வகை செய்வது அதன் நோக்கங்களுள் ஒன்று.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், மாணவர் கைக்கு வந்த கருவிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் அருகருகே அமர்த்தப்பட்டிருந்தன. ஆகவே குமரி மாவட்டத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குள் இரண்டாவது இயங்குதளம் எவரும் அழைக்காமலே வந்து சேர்ந்திருந்தது. இரண்டாவது வாயில் ஒன்று இருப்பதையே அறியாமல் படிப்பை முடித்துச் சென்ற பிள்ளைகளும் உண்டு. கருவியைக் கொடுத்தால் மட்டும் போதாது, அதனால் தனக்கு ஆகும் பயன் இன்னதெனக் காட்டவும் வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம்.

களியக்காவிளையைக் கடந்து பாறசாலைக்குள் நுழைந்தால் நிலைமை வேறு. கேரள அரசு 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், அந்தப் பத்தாண்டின் இடைப்பகுதியிலிருந்து படிப்படியாகப் பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுசென்றது. 2017-இல் அத்திட்டம் கைட் என்னும் நிறுவனமாயிற்று. அங்கே பள்ளி மாணவர்கள் லினக்ஸைப் பாடமாகவும் பழக்கமாகவும் கொண்டு வளர்ந்தனர். ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சி தரப்பட்டது. எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள பிள்ளைகளின் அறிவில் ஏற்றத்தாழ்வு இல்லை; பயிற்றுவித்தலில்தான் வேறுபாடு. மலையாளத்திற்கென 2002-இல் தோன்றிய சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்னும் தன்னார்வ அமைப்பு, தமிழுக்கும் மீரா இனிமை என்னும் எழுத்துருவை உருவாக்கி அளித்தது என்பதும் இங்கு நன்றியோடு நினைக்கத்தக்கது.

சோதனை செய்யும் முறை

சோதனையை அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அவசரமும் கூடாது. முதற்கடமை காப்பு நகல் எடுப்பது. கவிதைகள், கட்டுரைகள், நிழற்படங்கள் எல்லாவற்றையும் கணினிக்கு வெளியே உள்ள ஒரு வன்தட்டிலோ பென் டிரைவிலோ படியெடுத்து, அந்தப் படி திறக்கிறதா என்று வேறொரு கணினியில் பார்த்த பின்னரே அடுத்த செயலில் இறங்க வேண்டும். இதில் குறை வைத்தவர்கள் பிற்பாடு வருந்திய நிகழ்ச்சிகள் பல.

இரண்டாவது, இயங்குதளத்தை நிறுவாமலே இயக்கிப் பார்ப்பது. லினக்ஸ் பதிப்பின் கோப்பை இணையத்திலிருந்து இறக்கி, எட்டு ஜி.பி. அளவுள்ள பென் டிரைவ் ஒன்றில் அதற்குரிய மென்பொருளால் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும் என்பதை மறக்கலாகாது. பின் கணினியை அணைத்து, அதைச் செருகி, இயக்கும்போது எஃப் 12 போன்ற ஒரு விசையை அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது என்று கணினி கேட்கும். அவ்விசை கணினிக்குக் கணினி வேறுபடும். பென் டிரைவைச் சுட்டினால் புதிய இயங்குதளம் கணினியின் தற்காலிக நினைவகத்திலேயே ஓடத் தொடங்கும். நிறுவுக என்னும் கட்டளையைத் தராத வரையிலும், வன்தட்டில் உள்ள கோப்புகளைத் தாமே திறந்து மாற்றாத வரையிலும் பழைய அமைப்புக்கு ஊறு நேராது. ஒலி வருகிறதா, கம்பியில்லா இணைப்பு கிடைக்கிறதா, அச்சுப்பொறி அசைகிறதா, தமிழ் தெரிகிறதா என நான்கையும் இந்நிலையிலேயே பார்த்துவிடலாம். பிடிக்கவில்லையெனில் அணைத்துவிட்டு பென் டிரைவை எடுத்துவிட்டால் போதும். பென் டிரைவிலிருந்து ஓடும்போது வேகம் குறைவாக இருக்கும். அதைக் கொண்டு இயங்குதளத்தின் தகுதியை முடிவு செய்தல் முறையன்று.

மூன்றாவது, பிடித்திருந்தால் நிறுவுவது. இதற்கு வன்தட்டைப் பங்கிட வேண்டும். பாகப்பிரிவினை எத்தனை கவனத்தோடு நடக்க வேண்டிய செயல் என்பதைக் கவிமணியின் மருமக்கள்வழி மான்மியம் பிறந்த நாட்டினருக்கு விளக்க வேண்டியதில்லை. விண்டோஸிலேயே உள்ள வட்டு மேலாண்மைக் கருவியைக் கொண்டு அதன் பங்கைச் சுருக்கி, விடுபட்ட இடத்தைப் புதியவருக்கு ஒதுக்குவது நல்லது. லினக்ஸ் மின்ட் நிறுவ 20 ஜி.பி. இடம் குறைந்த அளவு, 100 ஜி.பி. இருப்பின் தாராளம். 2 ஜி.பி. நினைவகத்தில் அது ஓடும், 4 ஜி.பி. இருந்தால் இடர்ப்பாடின்றி ஓடும். வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவுக என்னும் தெரிவும் அதே திரையில் இருக்கும். அதைத் தொட்டால் பழைய கோப்புகள் அனைத்தும் போகும். ஆகவே அந்தத் திரையை இருமுறை படித்தல் வேண்டும். வன்தட்டு பிட்லாக்கர் முறையால் பூட்டப்பட்டிருந்தால், அதன் 48 இலக்க மீட்பு எண்ணை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துக்கொள்வதும் இன்றியமையாதது.

நிறுவிய பின் ஒவ்வொரு முறை கணினியை இயக்கும்போதும் இரண்டு பெயர்கள் திரையில் தோன்றும். பேச்சிப்பாறைத் தண்ணீரை எந்த வயலுக்குத் திருப்புவது என்பது மடையில் முடிவாவதுபோல, எந்த இயங்குதளத்துக்குள் செல்வது என்பதைக் குரப் என்னும் சிறு நிரல் இந்த இடத்தில் கேட்டுப் பெறுகிறது. ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். இரண்டாவது அமைப்பு வேண்டாம் என்று பிற்காலத்தில் தோன்றினால், அதன் பங்கை மட்டும் அழித்தல் ஆகாது. பழைய கணினிகளில் அவ்வாறு அழித்தால் மடையே போய்விடும், விண்டோஸும் திறக்காது. தொடக்க முறையை முதலில் விண்டோஸுக்கு மீட்டுக் கொடுத்த பிறகே அப்பங்கை நீக்க வேண்டும்.

புதியோரைத் திகைக்க வைக்கும் இரண்டு சிறு நிகழ்ச்சிகளையும் சொல்லிவிடல் நலம். லினக்ஸில் பணியாற்றிவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால், சில வேளைகளில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டும். கணினியின் உட்கடிகாரத்தில் உலகப் பொதுநேரத்தை வைப்பது லினக்ஸின் வழக்கம். உள்ளூர் நேரத்தை வைப்பது விண்டோஸின் வழக்கம். இந்திய நேரத்துக்கும் உலகப் பொதுநேரத்துக்கும் உள்ள இடைவெளியே அந்த ஐந்தரை மணி. கணினி கெட்டுவிடவில்லை, லினக்ஸில் ஓர் அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும். மற்றொன்று, விண்டோஸ் தன் விரைவுத் தொடக்க வசதியின் காரணமாக முழுமையாக உறங்காமல் அரைத்துயிலில் இருக்கும்போது, அதன் பங்கில் உள்ள கோப்புகளை லினக்ஸ் படிக்க மட்டும் விடும், திருத்த விடாது. அந்த வசதியை நிறுத்திவிட்டால் தடை நீங்கும்.

ஒரே ஏட்டை நம்பலாமா?

இதுவரை சொன்னவை செய்முறை. இனிச் சொல்வதே கவிஞர்களுக்குரிய செய்தி. இரண்டாவது இயங்குதளத்தை நிறுவியவுடன், பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்த கவிதைக் கோப்பு ஒன்றைத் திறந்து பார்க்க வேண்டும். தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வரிசையாக நிற்கக்கூடும். கோப்பு அழிந்துவிட்டது என்று பதறுவோர் உண்டு. கோப்பு அழியவில்லை; அது தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் இருந்தது. பழைய கணினியில் இருந்த எழுத்துரு அந்த உண்மையை மறைத்துக்கொண்டிருந்தது.

எடுத்துக்காட்டாக, பாமினி என்னும் எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டச்சு செய்தால், கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தாம். ஜே என்னும் எழுத்தின் இடத்தில் தகரத்தின் உருவத்தையும், கே என்பதன் இடத்தில் மகரத்தின் உருவத்தையும் வரைந்து காட்டுவது மட்டுமே அவ்வெழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிடுகிறது. அச்சகங்களில் வழங்கிய வேறு பல எழுத்துருக்களும் இவ்வாறே தத்தமக்கென ஒரு குறியேற்றத்தைக் கொண்டவை. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் விளங்காது.

இதை ஒழுங்குபடுத்தப் பலர் உழைத்துள்ளனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் குறியேற்றங்களும், தமிழ் 99 விசைப்பலகையும் வகுக்கப்பட்டன. உலகத் தமிழர் இணையத்தில் கூடி ஆய்ந்து திஸ்கி என்னும் குறியேற்றத்தை உருவாக்கினர். 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. விண்டோஸ் 2000 முதல் அது வீட்டுக் கணினிகளை மெல்ல வந்தடைந்தது. 2010 ஜூனில் தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்றது. ஒருங்குறியில் 'தமிழ்' என்பதற்கு ஐந்து எண்கள்: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. இவ்வெண்கள் எந்த எழுத்துருவுக்கும் எந்த இயங்குதளத்துக்கும் உரியவை அல்ல, தமிழெழுத்துக்கே உரியவை. ஆதலால் ஒருங்குறியில் எழுதிய கவிதை விண்டோஸிலும் திறக்கும், லினக்ஸிலும் திறக்கும், கைப்பேசியிலும் திறக்கும்.

குமரி மாவட்டத்தார்க்கு இந்நிலை அறிமுகமானதே. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்தன. அதற்கு முற்பட்ட நிலப் பத்திரங்கள் பலவற்றில் மலையாள எழுத்தும் கொல்லம் ஆண்டும் காணப்படும். பெட்டியில் பத்திரம் பத்திரமாகவே இருக்கும், நிலமும் இருக்கும், ஆனால் பேரனுக்கு அதைப் படிக்கத் தெரியாது. படிக்க வல்ல முதியவரைத் தேடிச் சென்ற குடும்பங்கள் எத்தனையோ. மலையாளம் உயிருள்ள மொழியாதலால் படிக்க ஆள் கிடைக்கிறார். கைவிடப்பட்ட எழுத்துருவைப் படித்துக் காட்ட எந்த முதியவர் கிடைப்பார்?

தமிழ்ப் பதிப்பு வரலாறும் இதையே சொல்கிறது. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன் ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். ஒரே ஏடு கிடைத்ததும் அச்சுக்குக் கொடுத்திருந்தால் அத்தனை உழைப்பு வேண்டியதில்லை. ஓரேட்டில் சிதைந்தது மற்றோர் ஏட்டில் நிறைவாக இருக்கும் என்பதும், ஒப்பிட்டால்தான் பிழை தெரியும் என்பதும் பதிப்பாசிரியர் அறிந்த உண்மைகள். ஒரே இயங்குதளத்தில் ஒரே மென்பொருளில் மட்டும் திறக்கும் கவிதை, ஒரே ஏட்டில் மட்டும் எஞ்சிய நூலுக்கு நிகர். இரண்டாவது இயங்குதளம் கவிஞனுக்கு இரண்டாம் ஏடாகிறது. அதில் திறந்து பார்த்தால்தான் முதல் ஏட்டின் குறை புலப்படும். விண்டோஸை விட்டு வெளியேற விரும்பாதவரும் ஒருமுறை இச்சோதனையைச் செய்து பார்க்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுவே.

இவ்வழியில் வெற்றி கண்டதற்குச் சான்றும் உண்டு. 1998 பொங்கல் நாளில் முனைவர் கலியாணசுந்தரம் அவர்களின் முன்முயற்சியால் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களை மின்வடிவில் ஏற்றத் தொடங்கியபோது ஒருங்குறி பழக்கத்தில் இல்லை. தொடக்கத்தில் இணைமதி, மயிலை ஆகிய எழுத்துருக்களிலும், பின்னர் திஸ்கியிலும், அதன்பின் ஒருங்குறியிலுமாக நூல்கள் பெயர்த்தெழுதப்பட்டன. செல்லரித்த ஏட்டைப் புதிய ஓலையில் படியெடுத்த முன்னோரின் செயலே இது. படியெடுக்க ஆள் இருந்ததால் அந்நூல்கள் இன்றும் படிக்கப்படுகின்றன.

பெயர்த்தெழுதலில் புலமைக்கு இடம்

பழைய குறியேற்றத்திலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் உள்ளன. சுரதாவின் பொங்குதமிழ், நியூ ஹொரைசன் மீடியா நிறுவனம் வெளியிட்ட மாற்றி ஆகியவை பலருக்கும் உதவின. எனினும் கருவி மாற்றித் தந்ததை அப்படியே ஏற்பது தகாது. ஓலைச்சுவடியில் ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடு தெரியாமல் பதிப்பாசிரியர் இடர்ப்பட்டதைப் போன்ற நிலை இங்கும் உண்டு. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றுவதால் காலுக்கு ஈடாக ரகரத்தைத் தட்டியவர்கள் உள்ளனர். ஔகாரக் குறியின் இடத்தில் ளகரத்தைத் தட்டியவர்களும் உள்ளனர். தாளில் அச்சானால் பிழை தெரியாது. கணினி அதை வேறு சொல்லாகவே கொள்ளும். 'கௌரவம்' என்று தேடினால் அக்கவிதை அகப்படாது. இப்பிழைகளைக் கண்டு களையத் தமிழறிந்தவரே வேண்டும்.

யாப்பறிந்தவரும் வேண்டும். எழுத்துரு மாறும்போது எழுத்தின் அகலம் மாறுகிறது. அகன்ற எழுத்துருவில் நாற்சீரடியின் இறுதிச் சீர் அடுத்த வரிக்கு இறங்கிவிடும். இடைவெளி விசையைப் பலமுறை தட்டி ஓரத்தில் நிறுத்தியிருந்த வெண்பாவின் தனிச்சொல் இடம்பெயர்ந்து நிற்கும். புதுக்கவிதையில் வரி முறியும் இடமே பொருளாதலின் இழப்பு அங்கு இன்னும் மிகுதி. மூலக் கையெழுத்துப் படியை அருகில் வைத்து ஒப்புநோக்குவது தவிர இதற்கு வேறு வழியில்லை. கவிஞர் உயிரோடு இருக்கும்போதே இப்பணி நடந்தால் ஐயம் தீர்க்க அவரே இருப்பார்.

தடைகளும் வரம்புகளும்

இரண்டாவது இயங்குதளம் எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்வது உண்மையாகாது. அச்சகங்கள் பலவற்றில் இன்றும் வழங்கும் பேஜ்மேக்கர் மென்பொருளின் ஏழாம் பதிப்பு 2001-இல் வந்தது. அது விண்டோஸுக்கும் மேக் கணினிக்கும் உரியது, லினக்ஸுக்கு உரியதன்று. அச்சகத்தார் கேட்கும் எழுத்துருவில் பக்கம் அமைத்துத் தருவோர்க்கு விண்டோஸ் தேவைப்படும். சில அச்சுப்பொறிகளும் வருடிகளும் லினக்ஸில் ஒத்துழைப்பதில்லை. வங்கி, வரி முதலிய பணிகளுக்கான சில மென்பொருள்கள் விண்டோஸை மட்டுமே கருதி எழுதப்பட்டவை. பழகிய இடம் மாறுவதால் முதல் சில நாள் தடுமாற்றமும் இருக்கும். இக்காரணங்களால்தான் முன்னதை நீக்காமல் பின்னதை அருகில் வைத்துப் பார்க்கும் முறை பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் ஆதரவு நின்றுபோன பழைய விண்டோஸை இணையத்தோடு இணைத்து வைப்பது இடரானது. இணையப் பணியை லினக்ஸிலும், பழைய மென்பொருள் வேண்டிய பணியை இணைப்பில்லாத விண்டோஸிலும் செய்வது தக்க ஏற்பாடாகும்.

எழுத்துப் பணியைப் பொறுத்த அளவில் குறையொன்றும் இல்லை. 2010-இல் தோன்றிய லிப்ரே ஆபிஸ் என்னும் மென்பொருள் பழைய வேர்டு கோப்புகளையும் திறக்கும்; அதன் கட்டளைகளைத் தமிழிலேயே காணலாம். ஐபஸ் என்னும் உள்ளீட்டு ஏற்பாட்டின் வழியே தமிழ் 99 விசைப்பலகையையும், ஒலிபெயர்ப்பு முறையையும், தட்டச்சுப் பொறி முறையையும் அமைத்துக்கொள்ளலாம். பழைய தட்டச்சுப் பயிற்சி பெற்றவர்கள் விரல் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. லோகித், நோட்டோ, மீரா இனிமை முதலிய எழுத்துருக்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 2012-இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் இப்பொருள்களைத் தமிழிலேயே விளக்கி நூல்களையும் வெளியிட்டு வந்துள்ளது. ஆங்கிலம் அறியாமை இனித் தடையாகாது.

இன்னொரு நுட்பமும் கருதத்தக்கது. விண்டோஸின் பங்கில் உள்ள கோப்பை லினக்ஸ் படிக்கும். லினக்ஸின் பங்கில் உள்ளதை விண்டோஸ் தானாகப் படிக்காது. ஆகவே எழுத்துகளை இரண்டும் அணுகக்கூடிய பொதுவான ஒரு பங்கில் வைப்பதே அறிவுடைமை. எவ்வாறாயினும் இரண்டும் ஒரே வன்தட்டில் இருப்பவை. வன்தட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். வெளியில் ஒரு படி இருந்தே தீர வேண்டும்.

வட்டம் செய்யக்கூடியவை

பத்தாண்டு நிறைவில் வட்டம் மூன்று பணிகளை மேற்கொள்ளலாம். முதலாவது, உறுப்பினர் ஒவ்வொருவரும் தம்மிடம் உள்ள மிகப் பழைய கவிதைக் கோப்பு ஒன்றைக் கொண்டுவர, மாதக் கூட்டத்தின் முடிவில் லினக்ஸ் உள்ள ஒரு கணினியில் அதைத் திறந்து பார்ப்பது. திறப்பவை எவை, திறவாதவை எவை எனக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டால் இழப்பின் அளவு தெரியும். மாவட்டத்துக் கல்லூரிகளில் கணினி பயிலும் மாணவர்களின் துணையை இதற்கு நாடலாம். அவர்கள் நிறுவித் தருவார்கள், கவிஞர்கள் அவர்களுக்கு யாப்பும் எழுத்தும் சொல்லித் தருவார்கள்.

இரண்டாவது, திறவாதவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, புலமையுடையோர் இருவர் மூலத்தோடு ஒப்புநோக்கிச் செப்பம் செய்வது. மறைந்த கவிஞர்களின் கோப்புகளுக்கு இதில் முதலிடம் வேண்டும். அவர்தம் வீட்டார் பழைய கணினியை விற்றுவிடுவதற்கு முன்னரே சென்று கேட்பது வட்டத்தின் கடமையாகக் கொள்ளத்தக்கது. தந்தையின் கணினியில் என்ன இருக்கிறதென்று அறியாத பிள்ளைகள், அதில் ஒரு தொகுப்புக்கு வேண்டிய கவிதைகள் இருப்பதையும் அறியமாட்டார்கள்.

மூன்றாவது, இனி வரும் மலர்களுக்கும் தொகுப்புகளுக்கும் படைப்புகளை ஒருங்குறியிலேயே பெறுவது. அச்சானபின் எளிய உரைக் கோப்பு ஒன்றும், பக்க அமைப்போடு கூடிய பி.டி.எஃப். கோப்பு ஒன்றுமாக இரு வடிவில் மூன்று இடங்களில் காப்பது. எளிய உரைக் கோப்பு எந்த இயங்குதளத்திலும் திறக்கும், பி.டி.எஃப். கோப்பு அடியும் தனிச்சொல்லும் நின்ற இடத்தைக் காட்டும். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும்.

எந்த இயங்குதளம் சிறந்தது என்னும் வழக்கு இவ்வவையில் தீர்க்கப்பட வேண்டியதன்று. இன்று புதியதாக உள்ள லினக்ஸ் பதிப்புக்கும் ஒரு நாள் ஆதரவு நிற்கும். 2024-இல் வெளிவந்த உபுண்டு பதிப்புக்கு வழக்கமான ஆதரவு ஐந்தாண்டு என்றே வரையறுக்கப்பட்டுள்ளது. அதன்பின் அடுத்த பதிப்புக்கு மாற வேண்டும். ஏடுகள் மாறிக்கொண்டே இருக்கும். பாடம் மட்டும் மாறாமல் அடுத்த ஏட்டுக்குச் செல்ல வேண்டும். அதற்கான முதல் முயற்சியை ஒரு பென் டிரைவும் ஒரு மாலை நேரமும் கொண்டு தொடங்கிவிடலாம். அடுத்த மாதக் கூட்டத்திற்குக் கவிதையோடு பழைய கோப்பு ஒன்றையும் உறுப்பினர்கள் கொண்டுவருவார்களாக.